ஒரு கறுப்பினப் போதகரின் சட்டப்பேரவை நாள்களைத் தேட: அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவச இணையத் திரட்டு எப்படி?

கறுப்பினப் போதகரும் உறுப்பினருமான பெஞ்சமின் ஆர்னெட், கறுப்பினத்தவரை ஒதுக்கிய பிளாக் லாஸ் என்ற சட்டங்களை எதிர்த்து 1886 மார்ச் 10 அன்று ஓஹையோ மாநிலப் பேரவையில் பேசியதை முழுவதும் படிக்க இன்று காசு வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், வாஷிங்டனுக்கு விமானம் ஏறவும் வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், அதாவது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், தன் இணையதளத்தில் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, யார் எதிர்த்தார்கள், ஊர் என்ன சொன்னது என்று பார்க்க அதே நூலகத்தின் பழைய நாளிதழ்த் திரட்டுக்குள் போனால் கதை வேறு. பேரைத் தட்டித் தேடுபவருக்கு அங்கே பாதிதான் கிடைக்கும். தேதியை வைத்துத் தேடுபவருக்கே மீதியும் அகப்படும். சேவையின் நிறை குறை இரண்டும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன.

அளவுகோலாக ஆர்னெட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1838 மார்ச் 6 அன்று பென்சில்வேனியாவின் பிரவுன்ஸ்வில் ஊரில் பிறந்தவர். 1858-இல் கட்டி வந்து இடது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு பள்ளி ஆசிரியரானார். 1865-இல் கறுப்பினத்தவரின் கிறிஸ்தவ சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையில் பிரசங்க உரிமம் பெற்றார். 1867-இல் சின்சினாட்டியின் வால்நட் ஹில்ஸ் சபை அவர் பொறுப்பில் வந்தது. 1880 முதல் 1888 வரை ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை முழுமைக்கும் நிதிச் செயலர். 1885 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் கிரீன் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மாநிலப் பேரவைக்குப் போனார். 1888-இல் பேராயர். 1906 அக்டோபர் 7 அன்று மறைந்தார். ஒரே ஆள் போதகராக, கணக்கராக, சட்டமன்ற உறுப்பினராக, பேராயராக நான்கு விதமான ஆவணங்களில் நடமாடுகிறார். எந்த ஆவணக் கிடங்கையும் சோதிக்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

காலமும் சிக்கலானது. தெற்கு மாநிலங்களில் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய புனரமைப்புக் காலம் 1877-இல் முடிந்தபின், வன்முறையாலும் வாக்குமோசடியாலும் கறுப்பின உறுப்பினர்கள் பேரவைகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே ஓஹையோவில் அதே ஆண்டுகளில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்: 1879-இல் தேர்வான ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், 1881-இல் ஜான் கிரீன், பிறகு ஆர்னெட்டும் ஜெரி பிரவுனும். தெற்கின் கதையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடுபவர் வடக்கைத் தவறவிடுவார்.

முதலில் சிற்றேடுகள். இந்தச் சேவையின் உண்மையான சொத்து இதுதான். விளம்பரம் இல்லாத மூலையில் கிடக்கிறது. டேனியல் மர்ரே என்ற கறுப்பின நூலகர் 1871-இல் இந்த நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1900 பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களையும் சிற்றேடுகளையும் தேடித் திரட்டிப் பட்டியலிட்டார். 1925-இல் அவர் இறந்தபோது அவருடைய சேகரம் நூலகத்துக்கே வந்தது. அவருடைய முழுப்பெயர் டேனியல் அலெக்சாண்டர் பெய்ன் மர்ரே. டேனியல் பெய்ன், ஆர்னெட்டின் சபையில் புகழ்பெற்ற பேராயர். வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அந்தப் பேராயரின் பெயரைத்தான் மர்ரேவுக்கு வைத்தார்கள். போதகர்கள் அச்சிட்ட பிரசங்கங்களும் மாநாட்டு உரைகளும் இந்தச் சேகரத்தில் இவ்வளவு செறிவாக இருப்பதில் வியப்பில்லை.

1818 முதல் 1907 வரையிலான 351 சிற்றேடுகள் மர்ரே சேகரத்தின் கணக்கு. இப்போது இதை வேறொரு சிற்றேட்டுத் தொகுப்போடு சேர்த்து, அரிய நூல் பிரிவின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பார்வைகள் என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்திருக்கிறார்கள். பழைய கட்டுரைகளில் மர்ரே பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரில் தனிப் பக்கம் தேடி அலைய வேண்டாம். மேலே உள்ள தேடல் பெட்டியில் ஆர்னெட், கூடவே பிளாக் லாஸ் என்ற இரண்டையும் ஆங்கிலத்தில் தட்டினால் நேரே போய்விடலாம். நூலகத் தளம் முழுவதிலும் தேடாமல் அந்தத் தொகுப்புக்குள் மட்டும் தேடுங்கள். இல்லாவிட்டால் புகைப்படம், வரைபடம், இசைத்தட்டு என்று எல்லாமும் வந்து விழும்.

சிற்றேட்டின் தலைப்பிலேயே இருவர் பெயர் இருக்கும்: கிரீன் கவுண்டியின் ஆர்னெட், கயஹோகா கவுண்டியின் பிரவுன். இரண்டு பேச்சும் ஒரே கட்டில் உள்ளன. ஆர்னெட்டின் மேற்கோள் என்று இணையத்தில் சுற்றும் ஒரு வரியைக் கையாளும்முன், அது யாருடைய பேச்சுப் பகுதியில் வருகிறது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. மிகப் பெயர்பெற்ற பகுதி ஆர்னெட்டுடையதுதான்: கையில் பணம் இருந்தும், நிறத்தின் காரணமாக, சுதந்திர நாடென்று சொல்லிக்கொள்ளும் இந்த மண்ணில் இருபது மணி நேரம் சாப்பாடில்லாமல் பயணம் செய்ததாகச் சொல்கிறார். வெளிர்நிறப் பயணிகளுக்குக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கிடைத்தது என்கிறார். தூங்கும் பெட்டியில் இடம் மறுக்கப்படுவதையும் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய ஜிம் குரோ பெட்டிகளில் தள்ளப்படுவதையும் அடுக்குகிறார். 1955-இல் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸுக்கு ஏறக்குறைய 70 ஆண்டு முன்பே, அதுவும் வடமாநிலப் பேரவையொன்றில் இது பதிவாகியிருக்கிறது.

இந்தச் சிற்றேடு ஏன் இவ்வளவு முக்கியம்? பேரவையின் அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்பேடு பேச்சுகளை அச்சிடுவதில்லை. எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போனது, யார் ஆதரவாக வாக்களித்தார், யார் எதிர்த்தார் என்பதோடு நின்றுவிடும். அச்சுக்குப் போகாத பேச்சு காற்றோடு போன பேச்சுதான். நாளிதழ்கள் நாலு வரியில் சுருக்கும். அதுவும் அவரவர் கட்சிக்கு ஏற்றபடி. பேச்சை அச்சிட்டுப் பரப்பியதால்தான் அது இன்றும் நம் கைக்கு வருகிறது.

தரம் எப்படி? நாளிதழ்ப் பக்கங்களைப் போல் இயந்திரம் மட்டும் படித்த உரை இல்லை இது; 1990-களில் சிற்றேடுகளைக் கையால் தட்டச்சு செய்தே ஏற்றினார்கள். அதனால் தேடல் நம்பகமாக இருக்கிறது, வெட்டி ஒட்டவும் வசதி. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதைவிட நல்ல மூலம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுச் சிற்றேடு என்பதால் காப்புரிமைச் சிக்கலும் கிடையாது.

அடுத்து நாளிதழ்கள். குரோனிக்கிளிங் அமெரிக்கா என்ற பெயரில் 2007 முதல் இருக்கும் திரட்டு இது. தேசிய மனிதவியல் நிதியம் பணம் கொடுக்க, ஒவ்வொரு மாநிலமும் தன் பழைய இதழ்களைத் தேர்ந்து அனுப்ப, நாடாளுமன்ற நூலகம் ஏற்றுகிறது. இரண்டு கோடிப் பக்கங்களைத் தாண்டிவிட்டது. 2025-இல் பழைய தளத்தை மூடி, நூலகத்தின் பொதுத் தளத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பழகியவர்களுக்குப் புதிய தோற்றம் எரிச்சல் தரும். இடப்பக்க வடிகட்டிகள் நீளமாக ஓடுகின்றன, கைப்பேசியில் இன்னும் மோசம். மேசைக் கணினி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பக்கங்கள் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து ஸ்கேன் ஆனவை. பிலிம் எடுத்தபோதே மடிப்பில் நிழல் விழுந்திருந்தால், ஓரத்துப் பத்தி கறுத்திருந்தால், அதுவே உங்களுக்கும் வரும். அதன்மேல் எழுத்துணரி மென்பொருள் ஓடியிருக்கிறது, அந்த உரையை யாரும் திருத்தவில்லை. இங்கேதான் ஆர்னெட் காணாமல் போகிறார். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மை பரவிய அச்சில் அவை ஒட்டிக்கொண்டு ‘எம்’ ஆகிவிடும். மென்பொருளுக்கு ஆர்னெட் தெரியாது, அமெட்தான் தெரியும். எனவே ‘எம்’ போட்ட அந்தப் பிழை வடிவத்தையும் தனியாகத் தேடுங்கள். கடைசி ‘டி’ ஒன்று குறைந்த வடிவம், கடைசியில் ‘இ’ சேர்ந்த வடிவம், நடுவில் ‘ஓ’ வரும் வடிவம் ஆகியவற்றையும் சோதியுங்கள். இவற்றில் சில அச்சுக்கோப்பவர் செய்த பிழைகள். வரி முடிவில் பெயர் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் எந்த வடிவமும் பிடிக்காது.

பட்டத்தையும் காலத்தோடு பொருத்த வேண்டும். 1885-க்கு முன் ரெவரெண்ட் அல்லது டாக்டர், 1886-87-இல் ஆனரபிள் அல்லது வெறும் மிஸ்டர், 1888 மே மாதத்துக்குப் பின் பிஷப். பட்டத்தையும் பெயரையும் அருகருகே வரும் சொற்களாகத் தேடும் வசதி உயர்நிலைத் தேடலில் இருக்கிறது. ஐந்து அல்லது பத்துச் சொல் இடைவெளிக்குள் என்று வைத்தால் போதும். எல்லாச் சொற்களும் என்று மட்டும் விட்டால் பக்கத்தின் ஒரு மூலையில் பிஷப் ஒருவரும் மறுமூலையில் ஆர்னெட் என்ற மாட்டு வியாபாரியும் இருக்கும் பக்கம் வந்து நிற்கும். இன்னொரு பொறி: மகன் பெயரும் பெஞ்சமின் ஆர்னெட்தான், அவரும் போதகர்தான். 1890-களின் செய்திகளில் இளையவர் என்ற அடைமொழி விட்டுப்போயிருந்தால் தந்தை, மகன் இருவர் பயணமும் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். பேராயர் என்ற பட்டமில்லாத 1888-க்குப் பிந்தைய குறிப்பு எதையும் உடனே மூத்தவர் தலையில் கட்ட வேண்டாம்.

இத்தனை செய்தாலும் பேரவை நாள்களுக்குப் பெயர்த் தேடல் போதாது. எதிர்க்கட்சி இதழ் அவரைப் பல இடங்களில் பெயரால் குறிப்பிடாது. கிரீன் கவுண்டியின் கலர்ட் உறுப்பினர் என்று எழுதிவிட்டுப் போகும். இன்று நாம் எழுதும் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற சொல்லை இந்தப் பக்கங்களில் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் வராது. அன்றைய அச்சில் புழங்கிய கலர்ட், நீக்ரோ என்ற சொற்களையே தேடல் பெட்டியில் போட வேண்டியிருக்கும். மனத்துக்கு உவப்பில்லைதான், வேறு வழியில்லை.

ஆகவே தேதி. பேச்சு 1886 மார்ச் 10, புதன்கிழமை. தலைநகர் கொலம்பஸிலிருந்து தந்தி போய், நாளேடுகளில் 11, 12 தேதிகளில் வரும். வார இதழ்களுக்கு அடுத்த இரண்டு வாரம் வரை பார்க்க வேண்டும். கறுப்பினத்தவர் நடத்திய சனிக்கிழமை இதழ்களான வாஷிங்டன் பீ, அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் கெஜட் ஆகியவற்றுக்கு 13, 20, 27 மூன்று தேதிகளையும் திறந்து பாருங்கள். தேடல் பெட்டியைக் காலியாக விட்டு, இதழையும் தேதியையும் மட்டும் தேர்ந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் படிப்பதே முறை. நாலு பக்க இதழ்தான், ஓர் இதழுக்குக் கால் மணி நேரம் போதும். ஓஹையோவுக்குள் ஸ்பிரிங்ஃபீல்ட் குளோப்-ரிபப்ளிக்கை முதலில் எடுங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட், கிரீன் கவுண்டிக்கு வடக்கே அடுத்த கவுண்டியின் தலைநகர்; 1884 முதல் 1887 வரை அந்த இதழ் திரட்டில் இருக்கிறது. நமக்கு வேண்டிய காலத்துக்குக் கச்சிதம்.

தேர்தல் முடிவைத் தேடுபவர் பலர் நவம்பர் இதழ்களைப் புரட்டி ஏமாறுவார்கள். ஓஹையோவில் அந்த ஆண்டுவரை மாநிலத் தேர்தல் அக்டோபரில்தான் நடந்தது. 1885 தேர்தல் நாள் அக்டோபர் 13, செவ்வாய். ஃபொரேக்கர் ஆளுநரானதும் அதே நாள் வாக்கில்தான். நவம்பருக்கு மாற்றிய திருத்தம் அதற்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. ஆகவே அக்டோபர் 14 முதல் பத்து நாள் இதழ்களைப் பாருங்கள்.

பிளாக் லாஸ் என்ற தொடரை ஓஹையோவுக்கு மட்டும் தேடினாலும் ஒரு சிக்கல் வரும். 1804, 1807 சட்டங்களும் அந்தப் பெயர்தான். கறுப்பினத்தவர் மாநிலத்துக்குள் குடியேற 500 டாலர் பிணை கேட்டதும், வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தடைசெய்ததும் அவை. 1849-இல் அவற்றில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அந்தப் போராட்டச் செய்திகள் 1840-களில் குவிந்து கிடக்கின்றன. ஆர்னெட் எதிர்த்தது மிச்சமிருந்தவற்றை: கலப்புத் திருமணத்தைத் தடுத்த 1861 சட்டத்தையும், பள்ளிகளை நிறத்தால் பிரிக்க இடம்கொடுத்த சட்டத்தையும். தேடல் எல்லையை 1884-1888 என்று வைத்தால் பழைய குவியல் விலகிவிடும்.

சட்டங்கள் 1887-இல் நீக்கப்பட்டன. அதோடு நிறுத்திக்கொள்ளும் சிறு வாழ்க்கைக் குறிப்புகளே அதிகம். நாளிதழ்த் திரட்டின் மதிப்பு அதற்குப் பிறகுதான் தெரியும். தனிப்பள்ளிகள் மூடப்பட்டால் கறுப்பின ஆசிரியர்களின் வேலை போகும் என்ற அச்சம் கறுப்பினத்தவருக்குள்ளேயே இருந்தது. சட்டத்தை எல்லாரும் ஒருமனதாகக் கொண்டாடவில்லை. தென் ஓஹையோ ஊர்கள் பல பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. ஆக்ஸ்ஃபோர்ட் ஊர்ப் பள்ளி வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1888-இல் தீர்ப்பானது. 1887 செப்டம்பர், அதாவது பள்ளி திறக்கும் மாதம், எந்த ஊர் இதழானாலும் கவனமாகப் படிக்க வேண்டிய மாதம்.

ஒரே செய்தி பத்து இதழ்களில் வந்தால் பத்துச் சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவர் தந்தியை மற்றவர் எடுத்து அப்படியே போடுவது அன்றைய வழக்கம். சொற்கள் மாறாமல் இருந்தால் அது ஒரே சாட்சிதான்; மிகப் பழைய தேதியுள்ளதை மட்டும் மேற்கோள் காட்டுங்கள். இதழின் கட்சி தெரியாமல் செய்தியை எடைபோடவும் முடியாது. ஒவ்வோர் இதழுக்கும் ஆசிரியர் யார், எந்தக் கட்சி, எத்தனை நாள் நடந்தது என்று விவரிக்கும் சிறு கட்டுரை இந்தத் திரட்டிலேயே இருக்கிறது. பலர் அதைத் திறப்பதே இல்லை. கால்வின் சேஸ் நடத்திய வாஷிங்டன் பீ சொந்த இனத் தலைவர்களையே கொட்டித் தீர்க்கும் இதழ் என்பது தெரிந்தால், அதில் வரும் ஒரு வசையைப் பொதுக்கருத்து என்று யாரும் எழுத மாட்டார்கள்.

மேற்கோள் காட்டும்போது ஒரு சின்னக் கவனம்: முகவரியின் கடைசியில் வரும் எண் படத்தின் வரிசை எண், அச்சிட்ட பக்க எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணைப்பிதழ் இருந்தாலோ ஒரு பக்கம் தொலைந்திருந்தாலோ இரண்டும் மாறும். பக்கத்தின் தலையில் அச்சான எண்ணையே எழுதுங்கள். பக்கத்தில் வேண்டிய பத்தியை மட்டும் வெட்டியெடுக்கும் கருவி இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. நிரல் எழுதி மொத்தமாக இறக்குபவர்கள் மெதுவாகக் கேட்க வேண்டும். வேகமாக அடித்தால் தளம் உங்கள் இணைப்பைச் சிறிது நேரம் தடுத்துவிடும்.

இவ்வளவு இருந்தும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஆர்னெட்டின் சபை பிலடெல்பியாவிலிருந்து நடத்திய வார இதழ் கிறிஸ்டியன் ரெக்கார்டர். போதகர் ஒருவரின் இடமாற்றம், காணிக்கைக் கணக்கு, மாநாட்டுச் சண்டை எல்லாம் அதில்தான் வாராவாரம் வரும். 19-ஆம் நூற்றாண்டு இதழ்கள் சந்தா கட்டும் தளத்தில் இருக்கின்றன. இந்த இலவசத் திரட்டை நம்பினால் போதகர் மறைந்து அரசியல்வாதி மட்டும் மிஞ்சுவார். பல்கலைக்கழக நூலகம் எதிலாவது அணுகல் இருந்தால் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிடுவது நல்லது. சின்சினாட்டி என்குவைரர் போன்ற பெரிய நாளேட்டுக்கும் இதே நிலைதான்.

இடைவெளியை ஓரளவு நிரப்ப இலவசமாக இன்னொன்று உண்டு: வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத். வில்லியம் சிம்மன்ஸ் 1887-இல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்புத் தொகுதியின் முழு உரை அங்கே இருக்கிறது. அதில் ஆர்னெட்டுக்குத் தனி அத்தியாயம். எழுத்துரு தெளிவு, தேடல் எளிது. ஆனால் அவர் உயிரோடும் பதவியோடும் இருந்தபோது நண்பர்கள் தந்த தகவலால் எழுதப்பட்டது. பேராயராகும் முன்பே முடிந்துவிடுகிறது. தேதிகளுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், மதிப்பீட்டுக்கு வேண்டாம். நிதிச் செயலராக அவர் தொடங்கிய பட்ஜெட் என்ற ஆண்டு வெளியீடு இன்னும் நல்ல மூலம். உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் என்று சபை திரட்டிய டாலர் மணி எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு வந்தது என்ற அளவுக்கு விவரம் இருக்கும்.

தமிழ் வாசகருக்கு ஒரு நுழைவாயில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வமத மகாசபையின் முதல் நாளில், சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் பேசிய அதே மேடையில், வரவேற்புக்கு ஆப்பிரிக்காவின் சார்பில் பதில் சொன்னவர் பேராயர் ஆர்னெட். அந்த மகாசபையின் உரைகளைப் பாரோஸ் தொகுத்த இரண்டு தொகுதிகளும் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். விவேகானந்தருக்காக முதல் தொகுதியை ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்கள் பலர். சில பக்கம் தள்ளினால் இவரும் இருக்கிறார்.

கலைக்களஞ்சிய வகைப் பக்கங்களில் இவரைப் பற்றி ஒரு பெருமை திரும்பத் திரும்ப வரும்: வெள்ளையர் பெரும்பான்மையான தொகுதியில் வென்ற முதல் கறுப்பின உறுப்பினர் என்று. இதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். வில்லியம்ஸ் 1879-இல் வென்ற ஹாமில்டன் கவுண்டியும், ஜான் கிரீன் 1881-இல் வென்ற கயஹோகாவும் வெள்ளையர் பெரும்பான்மை உள்ளவைதான். வில்லியம்ஸும் போதகராக இருந்தவர் என்பது இன்னும் வேடிக்கை, பாப்டிஸ்ட் சபை. இந்த மூவரின் தேர்தல் ஆண்டுகளையும் நாளிதழ்த் திரட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தாலே உரிமைகோரல் கரைந்துவிடும்.

குடும்ப விவரத்துக்கு ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்துக்குப் போகலாம், இலவசக் கணக்கு வேண்டும். 1870, 1880, 1900 மக்கள்தொகைக் கணக்குகள் இருக்கும். 1890-இன் ஏடுகள் பெரும்பாலும் இல்லை. 1921-இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயிலும் தண்ணீரிலும் போயின. நம் காலத்தின் நட்டநடுவில் விழும் ஓட்டை இது. அவருடைய சொந்தத் தாள்கள் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. வீட்டிலிருந்தபடி செய்யும் ஆராய்ச்சி அந்த வாசலோடு நிற்கும்.

யாருக்குப் பொருந்தும்? ஒரு பேச்சை மொழிபெயர்க்க, ஒரு கட்டுரைக்கு மூலம் காட்ட, ஒரு சட்டத்தின் முன்பின் அறிய விரும்பும் எவருக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். முழு வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறவருக்கு இது தொடக்கம் மட்டும். அரை மணி நேரத்தில் பதில் வேண்டுமென்பவர் சிற்றேட்டைப் படித்துவிட்டு நாளிதழ்ப் பக்கம் போகாமல் இருப்பது மேல். பாதி தேடிய தேடல் பொய்யான நம்பிக்கையைத் தரும்.

தடுமாறினால் நூலகத்தின் ‘நூலகரைக் கேளுங்கள்’ படிவம் இருக்கிறது. அதுவும் இலவசம், வெளிநாட்டிலிருந்தும் கேட்கலாம், சில வேலை நாள்களில் பதில் வரும். பொதுவாக ஆர்னெட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். இதழின் பெயர், தேதி, ஏற்கெனவே தேடிய எழுத்து வடிவங்கள், கிடைக்காத பக்கம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். நாளிதழ் வாசக அறைக்கு என்று தேர்ந்து அனுப்புங்கள், அரிய நூல் பிரிவுக்கு வேண்டாம். சிற்றேட்டுக் கேள்வியானால் மட்டும் அங்கே.